பல்கலை நகரா, கல்லூரி நூலகமா, நத்தம் சாலையா? மதுரை ஆய்வாளர் எங்கே காலூன்றுவது

மதுரையில் ஒரு கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்துகொள்பவர், தலைப்பையும் நெறியாளரையும் முடிவு செய்வதற்குப் பல மாதங்களைச் செலவிடுகிறார். எந்த நூலகத்தைத் தம் ஆய்வுக்கு இருப்பிடமாகக் கொள்வது என்பதைப் பற்றி ஒரு மாலைப்பொழுதுகூட யோசிப்பதில்லை. பதிவு எங்கே இருக்கிறதோ அந்த நூலகம், அல்லது வேலை எங்கே பார்க்கிறாரோ அந்த நூலகம் என்று அது தானாகவே அமைந்துவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள், நீட்டிப்பு பெற்றால் 8 ஆண்டுகள் என்று காலத்தை வரையறுத்திருக்கின்றன. அத்தனை காலமும் புழங்கப்போகும் இடத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடுவது சரியன்று.

மதுரையில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் வாய்ப்புகள் மூன்று. தேனிச் சாலையில் பல்கலை நகரில் இருக்கும் காமராசர் பல்கலைக்கழக நூலகம் முதலாவது. தாம் பணியாற்றும் அல்லது தம் ஆய்வு மையம் அமைந்திருக்கும் கல்லூரியின் நூலகம் இரண்டாவது. புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் மூன்றாவது. இவை தவிர, தமிழும் வரலாறும் ஆய்பவருக்கு மட்டும் உரிய சில பழைய இடங்கள் நகருக்குள்ளேயே உள்ளன. ஆய்வு உதவி என்ற பெயரில் பணம் பெற்றுக்கொண்டு வேலை முடித்துத் தரும் தனியார் மையங்களும் உள்ளன. அவற்றைப் பலரும் சத்தமில்லாமல் நாடுவதால் அவற்றையும் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமை பெறாது. இவற்றை நூல்களின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவதால் பயன் இல்லை. ஆய்வாளருக்கு வேண்டியது இலட்சம் நூல்கள் அல்ல. தம் தலைப்புக்குரிய இருநூறு ஆவணங்கள். அந்த ஆவணங்கள் எவ்வகையைச் சேர்ந்தவை என்பதுதான் எங்கே காலூன்றுவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும்.

பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தொடங்கலாம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978-இல் காமராசர் பெயரைப் பெற்ற இந்நிறுவனத்தின் முதல் இரு துணைவேந்தர்களும் தமிழறிஞர்கள்: தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும் அவரைத் தொடர்ந்து மு. வரதராசனாரும். நூலகமும் தெ.பொ.மீ. பெயரையே தாங்கியிருக்கிறது. இந்த நூலகத்தின் உண்மையான செல்வம் புதிய நூல்களில் இல்லை, ஆய்வேடுகளில் இருக்கிறது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளில், தென்மாவட்டங்களின் ஊர்கள், கோயில்கள், பாசனம், வழக்காறுகள், பயிர்கள், நோய்கள் ஆகியவற்றைப் பற்றிய கள ஆய்வுகள் குவிந்திருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளை, பல்கலைக்கழக மானியக் குழுவின் மையமான இன்ஃப்லிப்நெட் நடத்தும் ஷோத்கங்கா மின் களஞ்சியத்தில் ஏற்றுவதற்கு வழிசெய்த விதி 2009-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆய்வேடுகளில் ஒரு பகுதிதான் பின்னர் மின்வடிவம் பெற்றுள்ளது. இப்போது கைவிடப்பட்டுவிட்ட எம்.ஃபில். பட்டத்துக்கான சிறு ஆய்வேடுகளோ ஷோத்கங்காவின் முதன்மை நோக்கத்துக்குள் வருவதே இல்லை. ஓர் எம்.ஃபில். மாணவர் எண்பதுகளில் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் வீடு வீடாகச் சென்று திரட்டிய அட்டவணையை இன்று யாராலும் மீண்டும் திரட்ட முடியாது. அது அலமாரியில் கறுப்பு அட்டைக்குள் மட்டும் இருக்கலாம். ஆகவே, உள்ளூர்க் களத்தை ஆய்பவர் யாராக இருந்தாலும், தலைப்பு உறுதியாவதற்கு முன்பே அந்த அலமாரிகளின் முன் சில முழு நாள்களைக் கழிப்பது கட்டாயம் என்பேன். நம் தலைப்பில் ஏற்கெனவே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது என்பதை வாய்மொழித் தேர்வு நாளில் புறத்தேர்வாளர் வாயால் கேட்பதைவிட அது மேலானது.

இரண்டாவது வலிமை மின் ஆய்விதழ்கள். 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, ஒன்றிய, மாநில அரசுகளின் மேலாண்மையில் இருக்கும் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவதே அதன் ஏற்பாடு. மாநிலப் பல்கலைக்கழகம் என்ற முறையில் காமராசர் பல்கலைக்கழகம் இந்த வரையறைக்குள் வருகிறது. கோரிப்பாளையத்தில் இருக்கும் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி, மேலூர் அரசு கலைக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களும் அதே வகையைச் சேர்ந்தவை. உயிரியல், வேதியியல், பொறியியல், மருத்துவம், மேலாண்மை ஆகிய துறைகளில் ஆய்பவருக்கு இது சிறிய மாற்றம் அன்று. ஒரு கட்டுரைக்கு முப்பது நாற்பது டாலர் கேட்கும் பதிப்பகத்தின் பக்கம், பல்கலைக்கழக வளாக இணையத்தில் அமர்ந்தால் கேள்வி கேட்காமல் திறந்துகொள்கிறது. வளாகத்துக்கு வெளியே இருப்பவருக்கு, இன்ஃபெட் என்ற பொது நுழைவு ஏற்பாட்டின் வழியாக, நிறுவனம் தரும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு வீட்டிலிருந்தே படிக்கும் வழி உண்டு. பகுதிநேர ஆய்வாளர் பல்கலைக்கழக நூலகத்தில் முதல் நாளே கேட்டுப் பெற வேண்டியது நூல் எடுக்கும் அட்டையைவிட இந்தப் பயனர் பெயரைத்தான். தம் பதிவு ஒரு கல்லூரி ஆய்வு மையத்தின் வழியாக இருந்தாலும், பட்டம் தருவது பல்கலைக்கழகம் என்பதால், அந்தக் கோரிக்கையை எழுத்தில் நெறியாளரின் கையொப்பத்தோடு கொடுப்பது நல்லது.

இத்தனை இருந்தும், வேலை பார்ப்பவருக்கு இந்த நூலகத்தை அன்றாட இருப்பிடமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் தொலைவும் நேரமும்தான். நகரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே அமைந்திருக்கிறது வளாகம். மாலை நான்கு மணிக்குக் கடைசி வகுப்பை முடித்து, காளவாசல் நெரிசலைத் தாண்டி, நாகமலைப் புதுக்கோட்டையைக் கடந்து போய்ச் சேர்பவருக்குக் கிடைக்கும் நேரம் நூற்பட்டியலைத் தேடுவதற்கே சரியாகப் போய்விடும். ஆண்டில் இரண்டு மூன்று முறை, விடுப்பு எடுத்துக்கொண்டு, தேட வேண்டியவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை உட்கார்வதற்கான இடம் அது. முழுநேர ஆய்வாளராக விடுதியில் தங்கியிருப்பவரின் நிலை வேறு; அவருக்கு வேறு இருப்பிடம் தேட வேண்டிய தேவையே இல்லை.

கல்லூரி நூலகத்தைப் பற்றி ஆசிரியர்களிடையே ஒரு மெத்தனம் நிலவுகிறது. அது இளங்கலை மாணவர்களின் பாடநூலுக்கும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்குமான இடம், ஆய்வுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று பேசிக்கொள்கிறார்கள். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1889-இல் தொடங்கிய மதுரைக் கல்லூரி, 1948-இல் லேடி டோக், 1949-இல் தியாகராசர், 1953-இல் பாத்திமா என்று நூற்றாண்டையும் முக்கால் நூற்றாண்டையும் கண்ட கல்லூரிகள் நிறைந்த நகரில் இந்த எண்ணம் பொருந்தாது. அமெரிக்கன் கல்லூரியின் நூலகம், 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனின் தொடக்ககால ஊழியரான டேனியல் பூர் பெயரால் அமைந்தது. மிஷன் கல்வி, பெண் கல்வி, தென்மாவட்டக் கிறித்தவம் ஆகியவற்றை ஆய்பவர் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் நூலகத்தையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

மின் வளங்களைப் பொறுத்தவரை கல்லூரிகளுக்கென்றே இன்ஃப்லிப்நெட் உருவாக்கிய ஏற்பாடு என்-லிஸ்ட். அரசு உதவி பெறும் கல்லூரி, ஆண்டுக்கு ஒரு சிறு உறுப்பினர் கட்டணத்தில், தன் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தனித்தனிப் பயனர் பெயர் பெற்றுத் தரும் வகையில் அது அமைந்தது. பொறியியல் கல்லூரிகள் பலவும் தில்லியில் இருந்து இயங்கும் டெல்நெட்டில் உறுப்பினராக இருக்கின்றன. நம்மிடம் இல்லாத ஒரு நூலை இன்னொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் வழி அது. இவற்றை ஆசிரியர்கள் கேட்பதே இல்லை என்பதுதான் பல நூலகர்களின் குறை. இங்கே ஒரு தெளிவு தேவை: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற பெயரைக் கேட்டு, எல்லாக் கல்லூரிகளுக்கும் எல்லா ஆய்விதழ்களும் திறந்துவிட்டன என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கானது. உதவி பெறும் கல்லூரியிலோ சுயநிதிக் கல்லூரியிலோ பணியாற்றுபவர், தம் நிறுவனத்துக்கு எது உண்டு, எது இல்லை என்பதைத் தம் நூலகரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். சுயநிதிப் பிரிவில் பணியாற்றும் அறிவியல் ஆசிரியருக்குப் பல்கலைக்கழகத்தின் பயனர் பெயர் இன்றியமையாததாவது இதனால்தான்.

ஆயினும் கல்லூரி நூலகத்தை நான் முன்னிறுத்துவதற்கு முக்கியமான காரணம் தரவுத்தளம் அன்று, ஆள். பத்தாண்டுகளாக ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த ஆசிரியர் எந்தத் துறையில் ஆய்கிறார் என்று தெரிந்துவைத்திருக்கும் ஒரு நூலகர், புதிய நூல்களின் பட்டியல் வரும்போது நம் தலைப்புக்கு உரியதைக் குறித்துவைத்து, ‘சார், இது உங்களுக்கு ஆகும்போல இருக்கு’ என்று வராந்தாவில் நிறுத்திச் சொல்வார். பெரிய நூலகத்தில் நாம் அட்டை எண் மட்டும்தான். துறைக்கு ஒதுக்கப்படும் நூல் தொகையில் தம் ஆய்வுக்குத் தேவையான நூல்களையும் வாங்கச் செய்யும் வாய்ப்பு கல்லூரியில்தான் உண்டு என்பதும் சிறிய செய்தி அன்று. பரிந்துரைப் படிவத்தைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கொடுத்தால், கோடை விடுமுறைக்குள் நூல் கைக்கு வந்துவிடும். நூலகர் பணியிடம் காலியாகி, உதவியாளர் ஒருவரே பூட்டித் திறக்கும் கல்லூரிகளும் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே பணியாற்றுபவர் மேலே சொன்ன நன்மைகளை எதிர்பார்க்க முடியாது. அவர் மூன்றாவது வாய்ப்பை நாட வேண்டியவர்.

2023 ஜூலை 15 அன்று, காமராசரின் பிறந்தநாளில், புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2 லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட பரப்பில் பல தளங்களாக எழுந்து நிற்கிறது. பொது நூலகம் என்பதால் எந்தக் கல்லூரியோடும் பல்கலைக்கழகத்தோடும் தொடர்பு இல்லாதவரும் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருப்பவர், பதிவுக்கு முன் ஆய்வு முன்வரைவு எழுதிக்கொண்டிருப்பவர், வீட்டில் எழுத இடமில்லாதவர் ஆகியோருக்கு இதைவிட நல்ல மேசை மதுரையில் இல்லை. மின்வெட்டும் குழந்தைகளின் சத்தமும் இல்லாத ஒரு நாற்காலி ஆய்வேட்டின் இறுதி ஆண்டில் எவ்வளவு பெரிய உதவி என்பதை எழுதியவர்கள் அறிவார்கள். ஆனால் பொது நூலகத்தின் நூல் தேர்வு பொது வாசகரையும் போட்டித் தேர்வு மாணவரையும் மனத்தில் கொண்டது; சந்தா கட்ட வேண்டிய சிறப்பு ஆய்விதழ்களையும் ஆய்வேடுகளையும் அங்கே தேடுவது பொருந்தாது. சிம்மக்கல்லில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் இதுவே பொருந்தும். பழைய தமிழ் நூல்கள் சில அங்கே எதிர்பாராமல் கிடைக்கலாம் என்பது கூடுதல்.

தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காறு, சமயம் ஆகிய துறைகளில் ஆய்பவருக்குக் கணக்கு முற்றிலும் மாறுகிறது. 13,000 ஆய்விதழ்கள் திறந்திருப்பதால் அவருக்குக் கிடைக்கும் பயன் குறைவு; அவருடைய மூலங்கள் வேறு இடங்களில் கிடக்கின்றன. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பாண்டியன் நூலகம் அவற்றில் முதலாவது. சங்கம் 1902 முதல் வெளியிட்ட ‘செந்தமிழ்’ இதழின் தொகுதிகள், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமிழ்ப் புலமை எவற்றைப் பற்றி வாதிட்டது என்பதற்கான நேரடிச் சான்று. பதிப்பு வரலாற்றையோ பாடபேதங்களையோ ஆய்பவர் அவற்றைப் பார்க்காமல் ஒரு வரி எழுத முடியாது. விடுதலைப் போராட்டம், ஆலய நுழைவு, கதர் இயக்கம் ஆகியவற்றை ஆய்பவருக்கு, 1959 முதல் தமுக்கம் பகுதியில் ராணி மங்கம்மாள் அரண்மனைக் கட்டடத்தில் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தின் நூலகம் அருகிலேயே இருக்கிறது.

வெளியூர்ப் பயணத்தையும் இத்துறையினர் திட்டத்தில் சேர்க்க வேண்டும். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களும் சிற்றேடுகளும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகப் பாதுகாக்கப்படுகின்றன. நம் பக்கத்து ஊர் அலமாரியில் இருந்ததைப் பார்க்க வைகை எக்ஸ்பிரசில் ஏற வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம் இருந்தாலும், அங்கே போயிராவிட்டால் அவற்றில் பாதி கரையானுக்குப் போயிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டையில் ஆசிரியத் தம்பதியர் உருவாக்கிய ஞானாலயா என்ற நூலகம் அதைவிட அருகில் இருக்கிறது. முதற்பதிப்புகளைத் தேடுபவர் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். புறப்படுவதற்கு முன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தர 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்திலும் தேடிவிட்டுப் போவது செலவை மிச்சப்படுத்தும். மதுரைத் திட்டம் மதுரையில் இயங்கும் அலுவலகம் அன்று. சங்கம் வளர்த்த நகரின் பெயரைச் சூட்டிக்கொண்டு உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நடத்தும் முயற்சி. அதில் இருக்கும் பனுவல்கள் சொல் தேடலுக்கு மிக உதவும். ஆனால் மேற்கோளுக்கு அச்சுப் பதிப்பின் பக்க எண்ணே வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். வைகைப் பாசனக் கண்மாய்கள் என்ற தலைப்பை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். நெல்சன் 1868-இல் வெளியிட்ட மதுரை மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1906-இல் தொகுத்த மாவட்ட விவரச் சுவடியும் இணைய ஆவணக் களஞ்சியத்தில் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுக்காக எந்த நூலகத்துக்கும் போக வேண்டியதில்லை. பாசன மேலாண்மை பற்றிய அண்மைக்கால ஆங்கிலக் கட்டுரைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் பயனர் பெயர் வேண்டும். அதே கண்மாய்களைப் பற்றி முன்னர் எழுதப்பட்ட எம்.ஃபில். ஆய்வேடுகளுக்குப் பல்கலை நகர் அலமாரிகளுக்குப் போக வேண்டும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு வருவாய்த் துறைப் பதிவுகளுக்குச் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைத் தவிர வேறு வழியில்லை. கீழடி போன்ற அகழாய்வுகளோடு தலைப்பைத் தொடர்புபடுத்த விரும்பினால், மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை போன்றவை நூற்கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். ஒரே தலைப்புக்கு ஐந்து இடங்கள். அவற்றில் ஒன்றேனும் நத்தம் சாலையில் இல்லை. ஆனால் இவை அனைத்தையும் திரட்டிய பின் உட்கார்ந்து எழுதுவதற்கான மேசை அங்கேதான் இருக்கிறது.

தனியார் உதவி மையங்களைப் பொறுத்தவரை இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, அச்சு, நூல் கட்டுதல் ஆகியவற்றைச் செய்து தருபவர்கள் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து வேலை வாங்குவதில் பிழை ஒன்றும் இல்லை. தமிழ் ஆய்வேடு என்றால் ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருவில்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்று தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகள் களஞ்சியத்தில் ஏறியும், சொல் தேடலில் அகப்படாமல் கிடக்கின்றன. ஐந்தாண்டு உழைப்பு யார் கண்ணிலும் படாமல் போவதற்கு ஓர் எழுத்துரு காரணமாக இருப்பது வருத்தத்துக்குரியது. புள்ளியியல் கணக்கீட்டுக்குப் பணம் கொடுத்து உதவி பெறுவது எல்லைக் கோட்டில் இருக்கிறது. அந்தக் கணக்கீட்டை வாய்மொழித் தேர்வில் தாமே விளக்க முடிந்தால் பெறலாம். முடியாவிட்டால், அதே வேலையைத் தம் கல்லூரிப் புள்ளியியல் துறை ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்வதே மேல். ஆய்வேட்டின் இயலையே எழுதித் தருகிறோம், கட்டுரையை வெளியிட்டும் தருகிறோம் என்பவர்கள் இரண்டாவது வகை. அவர்களை இந்த ஒப்பீட்டில் ஒரு வாய்ப்பாக நான் எண்ணவில்லை.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில்தான் இவ்விரண்டுக்கும் இடையே பலர் தடுமாறுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிமுறைகள், 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றும், 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதங்களுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றும், 40-க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது என்றும், அதற்கும் மேல் போனால் பதிவே நீக்கப்படும் என்றும் படிநிலைகளை வகுத்துள்ளன. உரிய சான்றோடு தரப்பட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. இந்தச் சோதனைக்கான மென்பொருளை ஷோத்சுத்தி என்ற திட்டத்தின் கீழ் 2019 முதல் இன்ஃப்லிப்நெட் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கிவருகிறது. அப்படியிருக்க, வரைவை எடுத்துக்கொண்டு வெளியே ஒரு கடைக்குப் போய்ப் பணம் கட்டிச் சோதிப்பது தேவையற்றது மட்டும் அன்று, ஆபத்தானதும்கூட. சில மென்பொருள்களில், சோதனைக்குக் கொடுக்கும் ஏடு அந்நிறுவனத்தின் சேமிப்பில் தங்கிவிடும் அமைப்பு உண்டு. அப்படித் தங்கிய வரைவு, பின்னர் முறையான சோதனையின்போது நம் ஏட்டோடு நம் ஏட்டையே ஒப்பிட்டுக் காட்டி, தொண்ணூறு விழுக்காடு என்று அறிக்கை தந்துவிடும். நெறியாளர் வழியாகப் பல்கலைக்கழக நூலகத்தில் செய்துகொள்வதே பாதுகாப்பு. தமிழ் ஆய்வேடு எழுதுபவருக்கு ஒரு சொல்: மின்வடிவம் பெறாத பழைய நூல்களிலிருந்து எடுத்ததை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது; ஆனால் அத்துறையில் முப்பது ஆண்டுகள் படித்த தேர்வாளர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஆய்விதழைத் தேர்ந்தெடுப்பதிலும் நூலகரின் உதவி முன்னெப்போதையும்விட இப்போது தேவைப்படுகிறது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் காட்டுவதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த, 2019 முதல் நடப்பில் இருந்த யுஜிசி-கேர் பட்டியல் கைவிடப்படுவதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இனி, எந்த ஆய்விதழ் தரமானது என்று முடிவு செய்யும் பொறுப்பு நிறுவனங்களிடமே இருக்கிறது. பட்டியலைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது என்பது நல்லதுதான். ஆனால் அதற்கேற்பக் கல்லூரிகள் ஆயத்தமாகிவிட்டன என்று சொல்ல இயலாது. ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, மதிப்பாய்வுக்கு எத்தனை நாள் எடுக்கிறார்கள், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொல்வது மெய்யா என்பவற்றைச் சரிபார்க்கத் தெரிந்தவர் கல்லூரியில் நூலகராகத்தான் இருப்பார். மேற்கோள் மேலாண்மைக்கு ஜோடெரோ என்ற இலவச மென்பொருளைக் கற்றுத்தரும்படியும் அவரிடமே கேட்கலாம். தலைப்பெழுத்தை முன்னால் போட்டு எழுதும் நம் பெயர்களை அந்த மென்பொருள் குடும்பப் பெயர், இடு பெயர் என்று பிரிக்கப் பார்க்கும். பெயரை ஒற்றைப் புலமாக மாற்றிக்கொண்டால் அந்தச் சிக்கல் தீரும். முதல் இருபது பதிவுகளிலேயே இதைச் சரிசெய்துகொள்ளாதவர், கடைசியில் ஐந்நூறு பதிவுகளைத் திருத்திக்கொண்டிருப்பார்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், அரசு கல்லூரியில் பணியாற்றும் அறிவியல் ஆசிரியர் தம் கல்லூரி நூலகத்திலேயே காலூன்றலாம். இதழ்கள் அங்கேயே கிடைக்கும்போது தேனிச் சாலைக்கு அலைய வேண்டியதில்லை. உதவி பெறும் கல்லூரியில் இருப்பவர், ஆர்வமுள்ள நூலகர் இருக்கும்வரை, கல்லூரியையே இருப்பிடமாக்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் பயனர் பெயரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். சுயநிதிக் கல்லூரியில் அதிக வகுப்புச் சுமையோடு இருப்பவருக்கு, பல்கலைக்கழகப் பயனர் பெயரும் ஞாயிற்றுக்கிழமைக்கு நத்தம் சாலை மேசையும் சேர்ந்த ஏற்பாடே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கணிப்பு. தமிழும் வரலாறும் ஆய்பவர் இந்த மூன்றில் எதையும் மையமாகக் கொள்ளாமல், தம் மூலங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றியே ஆண்டுத் திட்டத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறை சென்னைக்கும் புதுக்கோட்டைக்கும், பருவ விடுமுறை பல்கலை நகர் ஆய்வேடுகளுக்கும் என்று பிரித்துக்கொண்டால் வேலை நடக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பல்கலைக்கழக நூலக உறுப்பினர் அட்டையை இடையில் காலாவதியாக விடக் கூடாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது நூலகத்திலிருந்து நிலுவை இல்லை என்ற சான்றும், ஒப்புமைச் சோதனைச் சான்றும், ஷோத்கங்காவில் ஏற்றுவதற்கான மின்படியும் கேட்கப்படும். மூன்றாம் ஆண்டில் எடுத்து மறந்துபோன ஒரு நூலுக்கான தண்டத்தொகையைக் கட்டிவிட்டு, அதன் ரசீதோடு மீண்டும் ஒரு முறை பல்கலை நகருக்குப் பேருந்து ஏறும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.